ஊரே இருளும்போது ஜெனரேட்டரா, சோலார் இணைத்த இன்வெர்ட்டரா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. உள்கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அப்படியொரு தடையை மனத்தில் வைத்தே பெட்ரோல் ஜெனரேட்டர், சோலார் பேனல் இணைத்த இன்வெர்ட்டர் ஆகிய இரண்டையும் விசாரித்து, இரண்டாவதை எங்கள் வீட்டுக்கு வாங்கினோம்.

பேனல் இல்லாத வெறும் இன்வெர்ட்டர் இந்தப் போட்டியிலேயே சேராது. 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். அதை முழுவதும் வடித்தால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், இரண்டு மின்விசிறியும் சில எல்இடி விளக்குகளும் ஓர் இரவு ஓடுவதே பெரிது. மறுநாள் அதை நிரப்ப ஊரில் மின்சாரம் இருக்காது.

இழுவைத் திறனில் ஜெனரேட்டரே மேல். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. சற்றுப் பெரிய ஜெனரேட்டர் தாங்கும். சத்தம், புகை, அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் உயிருக்கே ஆபத்து என்பவையெல்லாம் எல்லோரும் அறிந்தவைதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. புயல்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடக்கும் ஜெனரேட்டரின் டேங்கில் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசினாகப் படிகிறது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓட்டி, எரிபொருளை வடித்து, ஆயில் மாற்றி வருபவருக்கு இது சிக்கலே இல்லை. ஆனால் அத்தனை ஒழுங்காகச் செய்பவர்கள் எங்கள் தெருவில் அரிது. தேவைப்படும் நாளில்தான் அது கிளம்பாது, கிளம்பினாலும் பங்கில் வரிசை நிற்கும். இன்வெர்ட்டரோ அன்றாடச் சிறு மின்வெட்டுகளில் உழைத்துக்கொண்டே இருப்பதால், பழுது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும் பேனலைத் துடைப்பதும் போதும்.

335 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் தரும். இரவுச் செலவை அது பெரும்பாலும் ஈடுகட்டுகிறது. ஆனால் நெட் மீட்டர் (வாரியத்துக்குக் கொடுக்கும், வாங்கும் மின்சாரத்தைக் கணக்கிடும் மீட்டர்) வைத்து, பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட சோலாரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, ஊர் மின்சாரம் நின்றவுடன் அதுவும் தானே நின்றுவிடும்.

எங்கள் பேனல் சாதாரணப் பருவமழையைத்தான் பார்த்திருக்கிறது. கஜா அளவுக் காற்றை இன்னும் சந்திக்கவில்லை. புயலுக்கு அடுத்த மேகமூட்ட நாள்களில் பேனல் தரும் மின்சாரம் வெகுவாகக் குறையும் என்பதால், அப்போது மின்விசிறியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வைக்க ஏதுவாக, பேனலைச் சட்டத்தோடு போல்ட் போட்டே பொருத்தச் சொன்னோம். மேல்நிலைத் தொட்டியை முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். அது தீர்ந்தால் வாடகை ஜெனரேட்டர்தான். குளிர்பதனப் பெட்டியை நம்பிக் கடை நடத்துபவர்கள் சொந்த ஜெனரேட்டரையே வாங்கலாம்.