பசுமைக் கூரையா, மழைநீர்த் தொட்டியா: அடுத்த மழைக்கு எதில் இடம் இருக்கும்?

100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர் சேரும். 5,000 லிட்டர் தொட்டி காலியாக இருந்தால் கிட்டத்தட்ட அத்தனையையும் பிடித்துவிடும். மாடித் தளத்தின் மேலேயே 10 செ.மீ. கனத்துக்குச் செடி வளரும் கலவை பரப்பிய பசுமைக் கூரை, நன்றாகக் காய்ந்திருந்தாலும், 25 - 30 மி.மீ. மழை வரைதான் தாங்கும். செலவும் தொட்டிக்கே குறைவு.

ஆனாலும் தெருவில் வெள்ளம் சேராமல் தடுப்பதுதான் நோக்கம் என்றால் எங்கள் தேர்வு பசுமைக் கூரைதான். காரணம், மேலே சொன்ன ‘காலியாக இருந்தால்’.

செடிக்கென்று தினம் 200 லிட்டர் எடுத்தால் தொட்டி காலியாக 25 நாள் ஆகும். மழைக்காலத்தில் அந்த 200 லிட்டருக்கும் வேலை இல்லை. நிறைந்த தொட்டியில் விழும் அடுத்த மழை அப்படியே வழிந்து வடிகாலுக்குப் போகும். கூரை அப்படியல்ல, யாரும் குழாயைத் திறக்காமலே தன்னைக் காலி செய்துகொள்ளும். கலவை ஈரமாக இருக்கும்போது நல்ல வெயிலில் நாளுக்கு 2 முதல் 4 மி.மீ. ஆவியாகும், காயக் காய வேகம் குறையும். ஒரு வாரம் வெயில் கிடைத்தால் பாதி இடமாவது திரும்பிவிடும். விடாமல் மூன்று நாள் மழை அடித்தால் கூரையும் நிரம்பும்; அப்போது அது தண்ணீரைப் பிடிக்காது, சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

கூரை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, தோட்டத்து மண்ணை அள்ளிப் போடுவது: அதன் களி, கலவைக்கு அடியில் தண்ணீரை வடியவிடும் துணியை அடைக்கும், தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். நுரைக்கல், உடைத்த செங்கல் போன்ற லேசான கலவைதான் வேண்டும். இரண்டு, வடிவாய், அதாவது கூரைத் தண்ணீர் வெளியேறும் வாய். அதைச் சுற்றி 30 செ.மீ. அகலத்துக்குச் சல்லி மட்டும் போட்டு, மேலே திறந்து பார்க்கும்படி ஒரு பெட்டி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பறவை எச்சத்தில் முளைக்கும் மரக்கன்றுகளையும் அப்போதே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் வேர் நீர்காப்புப் படலத்தைத் துளைக்கும். கலவை போடுவதற்கு முன்பே வடிவாயை அடைத்து, 5 செ.மீ. தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திக் கசிவு பார்த்துவிடுங்கள். பிறகு கசிவைத் தேடுவது நரக வேலை.

நனைந்த கலவை சதுர மீட்டருக்கு 120 - 150 கிலோ இருக்கும். தளம் தாங்காது என்று பொறியாளர் சொன்னால் தரையில் தொட்டிதான் வழி. அப்போது தொட்டியின் பாதி உயரத்தில் வடிகட்டியோடு ஒரு சிறு துளை வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 1.7 லிட்டர் கசிந்தால், மேல்பாதி ஒரே நாளில் அடுத்த மழைக்குக் காலியாகிவிடும்.