விளக்கெண்ணெயா, செயற்கைக் கண்ணீரா? உலர்கண்ணுக்கு எது பொருந்தும்?

கண்ணில் தூசி விழுந்தாலும் உடற்சூட்டால் கண் எரிந்தாலும் ஒரு சொட்டு விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், விடுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அதை மருந்துக்கடையில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளோடு ஒப்பிடுமுன், உலர்கண் ஒரே நோயன்று என்பதைக் கவனிக்க வேண்டும். சிலருக்குக் கண்ணீர் போதிய அளவு சுரப்பதில்லை. வேறு சிலருக்கோ, இமையோரத்தில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அடைபட்டு, கண்ணீரின் மேலுள்ள எண்ணெய்ப் படலம் மெலிவதால், சுரந்த கண்ணீரும் விரைந்து ஆவியாகிவிடுகிறது.

முதல் வகையினருக்கு 0.5% கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது ஹயலுரோனேட் சொட்டுகள் பெரும்பாலும் உதவும். நீரைப் பிடித்துவைக்கும் இவை, இரண்டாம் வகையினருக்குக் குறைந்துபோன எண்ணெயை ஈடுசெய்வதில்லை.

ஆமணக்கெண்ணெய்க்கு வேலை இருப்பது அங்கேதான். 2002இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், இச்சுரப்பிகள் அடைபட்ட 20 பேருக்கு 2% ஆமணக்கெண்ணெயை நுண்துளிகளாக்கிக் கலந்த சொட்டு நாளுக்கு 6 முறை, இரண்டு வாரங்களுக்குத் தரப்பட்டது. எண்ணெய் இல்லாத சொட்டைவிட இதில் உறுத்தல் குறைந்தது. கண்ணீர்ப் படலம் உடையாமல் நிற்கும் நேரமும் கூடியது. எண்ணிக்கை சிறிதுதான், ஆயினும் இரண்டு சொட்டுகளையும் அதே நோயாளிகளிடம் மாற்றி மாற்றிச் சோதித்ததால் நான் அதைப் புறந்தள்ளமாட்டேன்.

இந்தச் சான்றைக் காட்டி வீட்டுப் புட்டியைத் திறப்பதுதான் தவறு. பயன் தந்தது கிருமிநீக்கம் செய்த 2% கலவை. புட்டியில் இருப்பதோ தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பான, கண்ணுக்கென்று கிருமிநீக்கம் செய்யப்படாத முழு எண்ணெய். அது பார்வையை மங்கலாக்கும், கிருமியையும் கொண்டுசேர்க்கக்கூடும். தொழிற்சாலைச் சொட்டிலேயே இந்த ஆபத்து உண்டு என்பதற்கு 2023இல் அமெரிக்காவில் நடந்தது சான்று: தமிழ்நாட்டில் தயாரான செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் பாக்டீரியாத் தொற்றில் 4 பேர் இறந்தனர், பலர் பார்வை இழந்தனர்.

விளக்கெண்ணெயைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. நியூசிலாந்தில் இமை அழற்சியுள்ள 26 பேர், குளிர்முறையில் பிழிந்த ஆமணக்கெண்ணெயை ஒரு பக்கத்து இமையில் மட்டும் நாளுக்கு இருமுறை நான்கு வாரங்கள் தடவியபோது, அந்தப் பக்கத்தில் இமையோரத் தடிப்பும் மயிர்க்கால் பொருக்கும் குறைந்தன. ஆனால் அங்கே எண்ணெய் இமையில் தடவப்பட்டதே தவிர, கண்ணுக்குள் விடப்படவில்லை.