அம்மாவின் கண் அழுத்த ஆபரேஷன்: ரங்கூனிலேயே செய்தோம், எப்படி இருந்தது?

காளி கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போகாம இங்கயே செஞ்சிட்டீங்களாமே, எப்படி?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதற்குப் பிந்திய கவனிப்பு அதைவிட நன்றாக இருந்தது. பில் போட்டதும், முன்கூட்டி விளக்கம் சொன்னதும் மோசம். மருத்துவமனைப் பெயரை நான் போடவில்லை. இங்கே கண் டாக்டர்கள் காலையில் ஓரிடம், சாயங்காலம் வேறிடம் என்றுதான் பார்க்கிறார்கள். கட்டடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

அம்மாவுக்கு வயது 72. கோணம் அடைபடும் வகைக் கண் அழுத்த நோய் (கிளாகோமா). கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலையைக் கண்பாப்பாவைச் சுற்றியுள்ள திரை வந்து மூடிவிடுகிறது. மியான்மரில் இது அரிது இல்லை. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மெய்க்தீலா பக்கத்துக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் 4.9% பேருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது; கோணம் அடைபடும் வகை மட்டும் 2.5%.

நீர் வடிய அந்தத் திரையில் லேசரால் துளை போட்டது முன்பே முடிந்திருந்தது. அப்புறம் சொட்டு மருந்து. டிமோலோல் சொட்டை வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை. இன்னொரு சொட்டான லட்டனோபிராஸ்ட் பாட்டிலைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், திறந்தபிறகும் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ரங்கூனில், சித்திரை வெயிலில் இதை எப்படிச் செய்வது? மீன்காரரிடம் ஐஸ் வாங்கித் தெர்மாஸில் போட்டு, பாட்டில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே இறக்குவோம். அப்படிக் காப்பாற்றியும் வலது கண்ணில் அழுத்தம் 28. சாதாரணமாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டும். பார்வைப் பரப்புச் சோதனைத் தாளில் மூக்குப் பக்கம் பார்வை போனதைக் காட்டும் கறுப்பு முந்தைய தாளைவிடப் பரவியிருந்தது. அதைப் பார்த்ததும் ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டோம்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். கோணம் அடைபட்டவர்களுக்குப் புரை வந்து தடித்த லென்ஸை எடுத்தாலே மூலை விரியும், 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வு லேசர் துளையைவிட லென்ஸ் எடுப்பதே மேல் என்று காட்டியது என்றார். ஆனால் அம்மாவின் கண் நரம்பு ஏற்கெனவே நிறையக் கெட்டுவிட்டதால் அது மட்டும் போதாது. புரையை எடுத்து, கூடவே நீர் வடியப் புது வழி திறக்கும் டிராபெக்குலெக்டமி ஆபரேஷனும் செய்யலாம் என்றார். நெட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு வந்து கேட்கும் குட்டி ஸ்டென்ட் பெரும்பாலும் திறந்த கோண வகைக்கும், ஆரம்ப நிலைக்கும்தான், அம்மாவுக்குப் பொருந்தாது. போன பார்வை எதிலும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் போகலாம்.

டிராபெக்குலெக்டமி 1968 முதல் நடப்பில் இருக்கிறது. வெள்ளை விழியில் தபால் உறையின் மூடிபோல ஒரு மடிப்பு வெட்டி, அதன் அடியில் சின்ன வழி திறந்து, மேலே தையல் போடுகிறார்கள். உள்நீர் மெல்லக் கசிந்து மேலிமைக்கு அடியில் ஒரு கொப்புளமாகச் சேர்ந்து வடியும். புண் ஆறி அந்த வழி அடைபடாமல் இருக்க மைட்டோமைசின் மருந்தில் பஞ்சை நனைத்துச் சில நிமிடம் வைப்பார்கள். அம்மாவுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிதான். நர்ஸ் பெண் "அமே, அமே" (பர்மிய மொழியில் அம்மா) என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம்.

பெரிய வேலை வெளியே வந்தபிறகுதான். புரை ஆபரேஷனைப் போல மறுநாள் பளிச்சென்று தெரியாது; வாரக்கணக்கில் மங்கலாகவே இருக்கும். அழுத்தம் ஏறும், சில சமயம் அளவுக்கு மீறி இறங்கும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒருமுறை என்று போனோம். ஒரு தடவை அழுத்தம் 24 என்று காட்டியது. டாக்டர் மரப்புச் சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் அம்மாவின் மோவாயை வைக்கச் சொல்லி, மெல்லிய இடுக்கியால் தையல் நூலின் நுனியைப் பிடித்து உருவினார். முடியைவிட மெல்லிய கறுப்பு நைலான் நூல். கொஞ்சநேரம் கழித்து மறுபடி அளந்தார்: 12. அந்த நேரத்தில் நாங்கள் மதுரை மாமா வீட்டிலிருந்து திரும்பும் விமானத்தில் இருந்திருந்தால் யார் அந்த நூலை உருவியிருப்பார்கள்?

மதுரைக்கு வரச்சொல்லி மாமா அழைத்ததில் தப்பே இல்லை. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்க்கும் நோயாளிக் கூட்டத்தால் டாக்டர்களுக்கு அனுபவம் மிக அதிகம். இந்த ஆபரேஷன் பலிக்காமல் போனால் அடுத்தது கண் நீர் வடியக் குழாய் பதிப்பது. மதுரை ஆரோலேப் நிறுவனம் செய்யும் குழாய் விலையும் குறைவு. அப்படி வந்தால் நானே அம்மாவை அங்கே கூட்டிப்போவேன். ஆனால் அந்தக் குழாயை நூலால் கட்டித்தான் பதிக்கிறார்கள். கட்டு ஐந்தாறு வாரத்தில் கரைந்து திடீரென்று திறக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அதனால் ஒன்றிரண்டு மாதம் தங்க வசதி இருந்தால் மட்டும் போங்கள். பத்து நாள் லீவில் முடித்துவிட்டு வரும் காரியம் இல்லை இது.

இப்போது குறை. கவுண்டரில் சொன்ன தொகையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் சேரவில்லை. பின்னால் டாக்டர் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும், தையல் உருவியதற்கும் தனித்தனியாக வாங்கினார்கள். இத்தனை தடவை வரவேண்டியிருக்கும் என்பதையே ஆபரேஷனுக்கு முன் அங்கே யாரும் சொல்லவில்லை. "ஒரு மணி நேர வேலை" என்றார்கள். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் இது பெரிய அடி. முன்பணம் கட்டும் முன் மொத்தச் செலவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டும் ஆங்கிலக் கிறுக்கல். ஸ்டீராய்டு சொட்டு முதலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, அப்புறம் படிப்படியாகக் குறைப்பது. நான் தமிழில் காலண்டர் தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

வீட்டில் மாற்ற வேண்டியவை சில. குனிந்து கோலம் போடுவதும், குடம் தூக்குவதும் கொஞ்சநாள் கூடாது. முகத்துக்குப் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசலாம், கண் ஓரத்துக்கு வராமல். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானில் தெருப்பக்கமே போகக்கூடாது. யாரோ வாளியோடு ஊற்றும் அழுக்குத் தண்ணீர் அந்தக் கொப்புளத்தில் பட்டால் கிருமி நேரே உள்ளே இறங்க வழி இருக்கிறது. அந்த ஆபத்து எத்தனை வருடம் ஆனாலும் உண்டு. கண் சிவந்து வலித்து பீளை தள்ளினால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வலது கண் இப்போது சொட்டு மருந்து இல்லாமலே 13, 14இல் நிற்கிறது. இடது கண்ணுக்கு மருந்து தொடர்கிறது. இது குடும்பத்தில் வரும் நோய் என்பதால் டாக்டர் அண்ணனையும் என்னையும் வரச்சொல்லிப் பார்த்தார். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, எனக்குக் கோணம் ஒடுக்கம். அடுத்த மாதம் அவரிடமே லேசர் துளை போட்டுக்கொள்கிறேன்.