பள்ளி விட்டு வந்த பிறகு: ட்யூஷனா, வீடா, இல்லம் தேடிக் கல்வி மையமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "ட்யூஷன் எங்க போட்டிருக்கீங்க?" ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே கேள்விதான். ட்யூஷன் வேண்டுமா என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை, எங்கே என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் சாயங்காலத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தெருவில் நடக்கும் ட்யூஷன் ஒன்று. வீட்டிலேயே அம்மாவோ அப்பாவோ கூட உட்காருவது இன்னொன்று. மூன்றாவது, அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம். இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைக்கு எது வரவில்லை என்று தெரியாமல் எதில் சேர்த்தாலும் காசும் நேரமும் வீண். போன வருடத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். சரளமாக வாசித்துவிட்டால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை அங்கே நின்றுவிடும். வாசிக்கத் தடுமாறினால், எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கொம்பில்தான் சிக்கும்: கெ, கே இரண்டையும் ஒன்றுபோலச் சொல்லும், 'கொ' வந்தால் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் பார்த்துக் குழம்பும். புள்ளி வைத்த எழுத்தைப் புள்ளி இல்லாததுபோல வாசிக்கும். இவ்வளவு தெரிந்தாலே போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை என்றால் இன்னும் சுலபம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். டீச்சரைப் பார்த்து "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவால்லங்க" என்ற பதில்தான் வரும். "தமிழ்ல எந்த நிலையில இருக்கான், கணக்குல எந்த நிலை?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

ட்யூஷன்

இதன் பெரிய பலம் பாடம் சம்பந்தப்பட்டதே இல்லை. அம்மா, அப்பா இருவரும் வேலையிலிருந்து வர ஏழரை, எட்டு ஆகும் வீட்டில், பிள்ளை பத்திரமாக ஓர் இடத்தில் இருக்கிறது என்ற நிம்மதி ட்யூஷனில் கிடைக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் காரணத்துக்காக அனுப்பும் பெற்றோர் யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். வீட்டுப்பாடம் முடிந்துவிடும், பரீட்சை நேரத்தில் கேள்வி பதிலும் ஒப்பித்துவிடுவார்கள்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பல ட்யூஷன்களில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ட்யூஷன் மிஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளையின் டைரியிலும் இருக்கும் வீட்டுப்பாடத்தை முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடும். எழுத்துக்கூட்டத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அங்கே கேள்வி பதிலைப் பார்த்து எழுதிவிட்டு வரும். நோட்டு நிறைந்திருக்கும், வாசிப்பு வந்திருக்காது. இதற்கு ட்யூஷன் மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டது வீட்டுப்பாடம் முடிக்க, அவர் முடித்துக் கொடுத்திருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு டீச்சரே "என்கிட்ட ட்யூஷன் அனுப்புங்க" என்று சொன்னால், அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பள்ளி ஆசிரியர் தனியாக ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

வீட்டில் நாமே

செலவில்லாத வழி, பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர் சொல்லித் தரும் வழி. ஆனால் பல வீடுகளில் இது அழுகையில் முடிகிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, "இதுகூடத் தெரியலையா, நேத்துதானே சொன்னேன்" என்று குரல் உயரும்போது பிள்ளை கணக்கைக் கற்றுக்கொள்வதில்லை, நம் முகத்தைப் பார்த்துப் பதிலை ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. நாம் படித்த முறையும் இப்போது பள்ளியில் சொல்லித் தரும் முறையும் வேறாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

"நான் எட்டாவதுதான் படிச்சேன், அவன் இங்கிலீஷ் மீடியம், நான் என்ன சொல்லித் தர முடியும்?" என்று கேட்கும் அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களுக்கு என் பதில் இதுதான். ஆசிரியர் வேலையை நீங்கள் பார்க்க வேண்டாம். தினமும் இருபது நிமிடம், பிள்ளை வாய்விட்டுத் தமிழில் வாசிப்பதைக் கேளுங்கள். வாசித்து முடித்ததும் "அப்புறம் என்ன ஆச்சு? அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கதை கேளுங்கள். வீட்டில் பேசும் மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ளப் பழகிய பிள்ளைக்கு, இன்னொரு மொழியில் வாசிக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த வேலையைச் செய்யலாம், பேரன் வாசிக்கும் கதை அர்த்தத்தோடு வருகிறதா, வெறும் சத்தமாக வருகிறதா என்று காதால் கண்டுபிடித்துவிடுவார்.

வாசிக்க என்ன கொடுப்பது? பாடப் புத்தகத்தை அல்ல. பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. நுழை நிலைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான், மீதி படம். அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்காவது, ஐந்தாவது வந்த பிறகு துளிர் அறிவியல் இதழ், பக்கத்து நூலகத்தின் சிறுவர் பகுதி என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இல்லம் தேடிக் கல்வி மையம்

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டம் இது. அதே தெருவில், அதே ஊரில் இருக்கும் தன்னார்வலர், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு இருப்பார். ஒன்று முதல் ஐந்து வரைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டதாரி, ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்று வரையறுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய்க்காக யாரும் இதைச் செய்துவிட முடியாது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த பட்டதாரிப் பெண்களை அக்கம்பக்கத்தில் "டீச்சர்" என்று கூப்பிட வைத்தது இந்தத் திட்டம்.

இங்கே வீட்டுப்பாடம் முடித்துத் தர மாட்டார்கள். பாட்டு, கதை, விளையாட்டு, அட்டைகள் என்று போகும். அதைப் பார்த்துவிட்டு "அங்க போய் விளையாடிட்டு வர்றான், படிப்பு ஒண்ணும் இல்ல" என்று நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அந்த வயதில் வீட்டுப்பாடம் எழுதாத ஒரு மணி நேரத்தைக் குறையாக நான் பார்க்கவில்லை. ஒரே குறை, தொடங்கியபோது இருந்ததுபோல எல்லா இடத்திலும் இப்போது மையம் இல்லை. உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன்னார்வலருக்குத் தன்னார்வலர் தரமும் மாறும்.

ஒரே கணக்கு, மூன்று இடம்

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிடுவார்கள். அடுத்த இடத்தில் 5-லிருந்து 2 போனால் 3. கவனக்குறைவு என்று திட்டுகிறோம். உண்மையில் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது, பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று தானாக ஒரு விதி வைத்துக்கொண்டு.

ட்யூஷனில் இதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "பக்கத்து வீட்ல கடன் வாங்கு" என்று சொல்லி, ஐந்து முறை எழுத வைப்பார்கள். அடுத்த நாள் பரீட்சையில் சரியாக வரும். 502-லிருந்து 27 என்று வந்தால் பக்கத்து வீட்டிலும் பூஜ்யம், பிள்ளை முழிக்கும்.

வீட்டில் என் அக்கா மகளிடம் ஐந்து பத்து ரூபாய் நாணயமும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் குடு" என்றேன். இரண்டு பத்தை நீட்டினாள். கையில் இருந்த இரண்டு ஒரு ரூபாயைப் பார்த்தாள். "சித்தி, சில்லறை பத்தல, ஒரு பத்தை மாத்திக் குடுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்ததும் ஏழை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, மீதி 25 என்றாள். கடைக்குப் போய்வரும் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஏற்கெனவே தெரியும், அது நோட்டில் இருக்கும் கணக்கோடு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். சேர்த்து வைக்க ஆங்கிலமும் வேண்டாம், பட்டப்படிப்பும் வேண்டாம். நல்ல தன்னார்வலர் மையத்தில் இதையே கடை விளையாட்டாக நான்கைந்து பிள்ளைகளோடு செய்வார், ஒரு பிள்ளையின் தவறை இன்னொரு பிள்ளையே திருத்தும்.

நேரக் கணக்கு

இதைப் பேசாமல் ஒப்பிட முடியாது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடி விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை ஆறரைக்கு எழும் பிள்ளை ஒன்பதரைக்குள் தூங்கியாக வேண்டும். நாலே முக்காலுக்கு வீடு வந்து, ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ட்யூஷன் என்றால், விளையாட்டு எங்கே போகும்? ஏழரைக்கு மேல் இருட்டில் தெருவில் யாரும் விடமாட்டார்கள், செல்போன்தான் கையில் இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும் என்று ட்யூஷன் மிஸ்ஸிடம் பேசிப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

யாருக்கு எது

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, வீட்டில் இருபது நிமிட வாசிப்பும் பக்கத்தில் மையம் இருந்தால் அதுவும்தான் என் முதல் தேர்வு. பெற்றோர் வர இரவாகும் வீட்டுக்கு ட்யூஷனைத் தவிர வழியில்லை. அப்படியானால் பிள்ளைகள் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து, "வீட்டுப்பாடம் பாதி நின்னாலும் பரவால்ல, தினமும் ஒரு பக்கம் வாசிக்க வைங்க" என்று கேளுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்பில் வகுத்தலோ ஆங்கில வாசிப்போ குறிப்பாக விட்டுப்போயிருந்தால், அதற்கு மட்டும் மூன்று மாதம் ட்யூஷன் வைப்பது நல்ல யோசனை. மூன்று மாதம் கழித்து நீங்களே ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள், மார்க்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இந்த மூன்றிலும் சரியாகாத பிள்ளைகளும் உண்டு. வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும், கதையை அழகாகத் திருப்பிச் சொல்லும், எழுத்தைப் பார்த்தால் மட்டும் தடுமாறும். மூன்றாம் வகுப்பு முடிந்தும் அப்படியே இருந்தால் ட்யூஷனை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அது சரியாக இருந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம், டிஸ்லெக்சியா என்று சொல்வார்களே, அது. பிள்ளையின் சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கும் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர் மூலமாகவே அவர்களைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.