புது ஃபோர்க் என்று விற்றார்கள், ஸ்டெம்முக்குள் பாதிக் குழாய்தான் இருந்தது

சமீபத்தில் கடையில் கொடுத்து எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளுக்கு முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் இரட்டைக் கால் பாகம்) மாற்றியவர்கள், அடுத்த தடவை வண்டியை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கடையில் நான் வாங்கிய ஃபோர்க்கோடு ஐந்து மாதம் ஓட்டினேன். அந்த ஐந்து மாதமும் ஹேண்டில்பார் ஒரே ஒரு போல்ட்டின் பிடியில்தான் நின்றிருந்தது என்பது கோத்தகிரி இறக்கத்தில்தான் தெரிந்தது.

நானும் மச்சானும் அதிகாலையில் கோத்தகிரியில் இருந்து கிளம்பினோம். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருந்து மேட்டுப்பாளையம் வரை முழுக்க இறக்கம். அரவேணு தாண்டி ஒரு வளைவில் பஸ் ஒன்று ஏறி வந்ததால் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் சக்கரம் நேராக இருக்கிறது, ஹேண்டில்பார் மட்டும் இடது பக்கம் ஒரு விரல் அளவு திரும்பியிருக்கிறது. அடுத்த வளைவில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

மச்சான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் குழாயோடு பிடித்து வைக்கும் பாகம்) மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே சுண்டு விரலை விட்டார். முதல் கணு வரை உள்ளே போயும் குழாய் தட்டுப்படவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தபோது குழாயின் வாய் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழத்தில் தெரிந்தது. ஸ்டெம்மின் பின்பக்கம் இரண்டு போல்ட்டுக்கு நடுவே ஒரு பிளவு ஓடும் இல்லையா, அது மேலே கிட்டத்தட்ட ஒட்டிப்போய், கீழே விரிந்து இருந்தது. மேல் போல்ட் பிடிக்க உள்ளே குழாயே இல்லாததால், முறுக்க முறுக்க ஸ்டெம்மே நசுங்கியிருக்கிறது.

"மாமா, இதை இனி ஓட்டாதீங்க. உருட்டிட்டே போலாம், இல்லீன்னா வண்டி பிடிப்போம்" என்றார். காய்கறி ஏற்றிப் போன ஒரு பிக்கப்பில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தார். ஸ்டெம்மின் உயரம் 40 மில்லிமீட்டர். குழாய் அதன் மேல் விளிம்பில் இருந்து 19 மில்லிமீட்டர் கீழேயே முடிந்துவிட்டது. வழக்கமாக 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். டாப் கேப் என்கிற அந்த மேல் மூடி அழுத்துவதற்கு அந்தச் சின்ன இடைவெளி போதும், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் கடைக்காரர் எப்படி ஏமாற்ற முடிந்தது என்பது விளங்கும். ஃபோர்க்கின் மேலே நிற்கும் குழாய்க்கு ஸ்டீரர் என்று பெயர். அது ஃபிரேமின் தலைக்குழாய் வழியாக, மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகளைத் தாண்டி, ஸ்பேசர் வளையங்களைத் தாண்டி ஸ்டெம்முக்குள் நுழைகிறது. அலுமினிய ஸ்டீரராக இருந்தால் உள்ளே ஸ்டார் நட் என்ற நட்சத்திர வடிவ நட் ஒன்றை அடித்து இறக்கியிருப்பார்கள். டாப் கேப் போல்ட் அதைப் பிடித்து மேலே இழுக்கும். அந்த இழுப்பின் வேலை பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்வது மட்டும்தான். சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துப் பிடித்து வைப்பது ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். குழாய் எவ்வளவு குட்டையாக இருந்தாலும், கொஞ்சம் நீளமான போல்ட் போட்டால் டாப் கேப் இறுகிவிடும், பேரிங் ஆடாது, ஹேண்டில் அழகாகத் திரும்பும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

சரி, குழாய் ஏன் குட்டையானது? அளவு தப்பி வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோர்க்கைக் கழற்றியதும் வேறு கதை வந்தது. ஸ்டீரரில் என் ஸ்டெம் உட்காரும் இடத்துக்குக் கீழே, இன்னொரு ஸ்டெம் கடித்த வளைய அடையாளம் பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒன்றுக்கு இரண்டு ஸ்டார் நட்: அடியில் துரு ஏறிய ஒன்று, அதன் மேல் கோணலாக அடித்த புதியது ஒன்று. ஃபோர்க்கில் பொறித்திருந்த எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு முந்தைய மாடல். என் வண்டியைவிடச் சின்ன ஃபிரேம் ஒன்றுக்காக யாரோ வெட்டி, ஓட்டி, கழற்றிய ஃபோர்க்கைத் துடைத்து எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். 26,500 ரூபாய். மாட்டுகூலி 1,200 தனி.

வாங்கிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெட்டி எங்கே என்று கேட்டேன். "பெட்டி குடோன்ல கெடக்குதுங்கண்ணா, அது எதுக்குங்க, எடத்தத்தான் அடைக்கும்" என்றார். தனியாக விற்பனைக்கு வரும் புது ஃபோர்க்கின் ஸ்டீரர் நீளமாக, வெட்டாமல் வரும். நம் ஃபிரேம், ஹெட்செட் (தலைக்குழாயின் பேரிங் தொகுதி), ஸ்டெம், ஸ்பேசர் எல்லாவற்றையும் வைத்து அளந்த பிறகுதான் வெட்ட வேண்டும். நான் போனபோது வெட்டிய குழாயாகவே எடுத்து வந்தார்கள். 'உங்க வண்டி அளவுக்கு ரெடியா இருக்குதுங்க' என்றபோது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் வண்டியை அவர்கள் அளந்திருக்கவே இல்லை.

அப்புறம் அந்த சர்வீஸ். மாட்டிய மூன்றாம் மாதம் பிரேக் பிடித்தால் கையில் லேசாக ஒரு அதிர்வு தெரிய ஆரம்பித்தது. அதே கடைக்குப் போனேன். ஃபோர்க் சர்வீஸ் செய்ய வேண்டும் என்றார்கள், 2,800 வாங்கினார்கள், மறுநாள் வண்டி பளபளவென்று வந்தது. கோத்தகிரிச் சம்பவத்துக்குப் பிறகு, ஃபோர்க் வேலை தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் முதலில் ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் காற்றை முழுக்க வெளியேற்றினார். காற்று உள்ளே இருக்கும்போது கீழ்க்கால்களை (மேல் கால்கள் உள்ளே ஏறி இறங்கும் வெளிக்குழாய்கள்) கழற்றினால் அவை துப்பாக்கிக் குண்டு மாதிரி நம்மை நோக்கிப் பாயும், யாரும் வீட்டில் அவசரப்பட்டு இதைச் செய்யாதீர்கள். பிறகு அடியில் இருக்கும் போல்ட்டுகளைச் சில சுற்று தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி, கீழ்க்கால்களை உருவினார். அடியில் தட்டு வைத்திருந்தார். இடது காலில் இருந்து ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் வந்தது. வலது காலில் இருந்து ஒரு சொட்டும் இல்லை. தூசி சீலுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வளையம் ஒன்று இருக்கும், ஆயிலில் ஊறி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டியது. அதை விரலில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த ரொட்டி மாதிரி பொடிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சர்வீஸ் ஆன ஃபோர்க் இது.

அந்த 2,800 ரூபாய்க்கு என்ன செய்தார்கள் என்று அவரே சொன்னார்: டாப் கேப்பை இன்னும் இறுக்கி, மேல் கால்களில் துரு எடுக்கும் ஸ்பிரேயை அடித்துத் துடைத்திருக்கிறார்கள். அந்த ஸ்பிரே உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், சீலுக்கும் நல்லதில்லை. டாப் கேப்பை அளவுக்கு மீறி இறுக்கியதில் கீழ் பேரிங்கும் போயிருந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது.

சர்வீஸ் என்ற சொல்லை வைத்து ஏமாற்றுவது ரொம்ப எளிது, ஏனென்றால் எல்லாம் உள்ளே நடக்கிற வேலை. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகள் பலவற்றுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் சர்வீஸும், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸும் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. எதுவானாலும் கீழ்க்கால் சர்வீஸ் என்றால் கால்களை உருவ வேண்டும், பழைய ஆயிலை வடிக்க வேண்டும், ஸ்பாஞ்சை ஊற வைக்க வேண்டும், அந்த மாடலுக்குச் சொன்ன மில்லி அளவில் புது ஆயில் விட வேண்டும். வடித்த பழைய ஆயிலைக் காட்டச் சொல்லுங்கள். செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

கடைக்குத் திரும்பப் போனோம், மச்சானும் வந்தார். முதலில் "அப்படியெல்லாம் இருக்காதுங்கண்ணா" என்றார்கள். வெர்னியரை வைத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. "கொறையிற அளவுக்கு லேத்துல ஒரு பைப்ப வச்சு வெல்டு புடிச்சுத் தந்தர்றேனுங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்றார் முதலாளி. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த இடத்தில்தான். மச்சானுக்குப் பிழைப்பே லேத்தும் வெல்டிங்கும். அவர் சொன்னார்: "அண்ணா, இது சூடு காட்டிப் பதம் ஏத்துன அலுமினியங்க. வெல்டு வச்சா அந்த எடத்துல பதம் போயிரும். முழு ஆளு பாரமும் அந்த எடத்துலதான் நிக்குது." இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரரை நீட்ட வெல்டு, உள்ளே சொருகும் துண்டு, எதுவும் வேண்டாம். குட்டையான ஸ்டீரருக்கு ஒரே மருந்து, ஸ்டெம்முக்கு அடியில் இருக்கும் ஸ்பேசரை எடுத்து ஸ்டெம்மை இறக்குவது. எனக்கு அடியில் ஒரே ஒரு 5 மில்லிமீட்டர் ஸ்பேசர், அதை எடுத்தாலும் 14 மில்லிமீட்டர் காலிதான். ஸ்டீரரை மட்டும் தனியாக மாற்றவும் முடியாது. அது ஃபோர்க்கின் கிரவுனுக்குள் (இரண்டு கால்களையும் மேலே இணைக்கும் பகுதி) அழுத்தி இறக்கியது, மேல் கால்களோடு மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், கிட்டத்தட்டப் புது ஃபோர்க் விலை வந்துவிடும்.

இன்னொன்றும் பார்த்தேன். என்னுடையது குவிக் ரிலீஸ் சக்கரம், லீவரைத் திறந்து கையாலேயே கழற்றக்கூடியது. லீவரை பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கமே மாட்டி வைத்திருந்தார்கள். 2015-இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இந்த இடத்துக்காகத்தான்: சரியாக மூடாத லீவர் டிஸ்க்கில் சிக்கிச் சக்கரம் சட்டென்று நிற்கலாம், அல்லது கழன்று போகலாம். அப்போது சொன்ன பரிசோதனை எளிது. லீவரை முழுக்கத் திறந்து வைத்தால் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைய வேண்டும், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். என் வண்டியில் பென்சில் நுழையவில்லை. லீவரை எதிர்ப்பக்கம் மாற்றினோம்.

நம் வண்டியில் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வண்டி இரண்டு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தொட வேண்டாம். மேல் மூடியின் போல்ட்டை மட்டும் கழற்றுங்கள், பெரும்பாலும் 5 எம்எம் ஆலன் கீதான். மூடியை எடுத்து உள்ளே பாருங்கள். குழாயின் வாய் மேல் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் நிம்மதி. சில வண்டிகளில் ஸ்டெம்முக்கு மேலேயும் ஸ்பேசர் இருக்கும், அப்போது குழாய் ஸ்டெம்மையே தாண்டி ஸ்பேசருக்குள் வரை வந்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது மூடியை மெதுவாக இறுக்கினால் போதும். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹெட்செட்டில் ஆட்டம் இருந்தால், அப்போது மட்டும் ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியால் ஆட்டத்தை எடுத்து, ஹேண்டிலை நேராக வைத்துத் திரும்ப இறுக்க வேண்டும். அந்த போல்ட்டுகளுக்கு ஸ்டெம்மிலேயே அளவு அச்சிட்டிருக்கும், பொதுவாக 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இருக்கிறவரிடம் கொடுத்து இறுக்குங்கள். கார்பன் ஸ்டீரர் என்றால் ஸ்டார் நட் இருக்கக் கூடாது, விரியும் பிளக்தான் இருக்க வேண்டும். யாராவது அதில் ஸ்டார் நட் அடித்திருந்தால் ஓட்டாதீர்கள்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாட்டுகூலியும் சர்வீஸ் பணமும் சேர்த்து 4,000 திரும்ப வந்தது. ஃபோர்க் பணம் வரவில்லை. பில் கேட்டபோது கொடுத்தது கடை பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. ஆனால் பணம் போனில் அனுப்பியதால் கணக்கில் பதிவு இருக்கிறது, அதற்கு இப்போது நன்றி சொல்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வெர்னியரோடு எடுத்த படங்கள், இரண்டு ஸ்டார் நட், அந்தக் காய்ந்த ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்களோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்களில் நான்கு பேர் அதே கடையில் ஃபோர்க் மாட்டியவர்கள். போன வாரம் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லி வாசலில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி மூடிகளைத் திறந்தோம். மூன்று வண்டி சரியாக இருந்தது. நான்காவது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பையனுடையது. 11 மில்லிமீட்டர் காலி. மறுநாள் காலையில் மருதமலைப் பக்கம் போவதாக இருந்தான். வண்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஹெல்மெட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் போனான்.