ஜீப் கூரைக்குப் போட்ட ரிவ் நட், அஞ்சு வருசத்துக்குப் பிறகு

என்னட்டக் கிடக்கிறது பழைய சுசுகி எஸ்.ஜே. 410, மேல ஃபைபர் கூரை. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய சோளகக் காத்துக்குக் கழட்டுவன், ஐப்பசி மழைக்கு முன்னம் திருப்பிப் பூட்டுவன். அஞ்சு வருசமா இதான் நடக்குது, எட்டு போல்ட்.

முதல் வச்சிருந்தவர் தகர ஸ்குரூவால பூட்டி வச்சிருந்தவர். கழட்டக் கழட்ட ஓட்டை பெருத்து நான் வாங்கேக்க விரலாலயே பிடுங்கலாம் எண்ட நிலை. முன்னுக்கும் பின்னுக்கும் லீஃப் ஸ்பிரிங் எண்டபடியா கிறவல் ரோட்டில விழுற ஒவ்வொரு அடியும் நேர கூரைக்குத் தான் போகும், ஒட்டுசுட்டான் தாண்டுறதுக்குள்ள காது போயிடும். பின்பக்கம் கை விட்டு நட்டுப் பிடிக்க இடமில்ல, அதால ரிவ் நட் தான் வழி, உள்ளுக்குப் புரி இருக்கிற குழாய் மாதிரி ஒண்டு, ஓட்டைக்குள்ள விட்டு இழுத்தா பின்பக்கம் புடைச்சு தகட்டைக் கவ்விப் பிடிக்கும்.

முதல்ல போட்டது அலுமினியம். பிழை. ஒரு மாரி முடியக் கழட்டப் போனா ரண்டு இடத்தில போல்ட்டோட சேந்து நட்டும் சுத்துது, இறுகவும் இல்ல, கழரவும் இல்ல. டிங்கர் பாஸ் வந்து பாத்திட்டு “தம்பி, உது மெதுச் சாமான், ஸ்ரீல் எடுத்துக்கொண்டு வா” எண்டிட்டு கிரைண்டரால தலையச் சீவித் தான் எடுத்தவர். பக்கத்து பெயின்டும் போச்சு.

பேந்து ஸ்ரீல், 8 மில்லி போல்ட்டுக்கு, புரி இடைவெளி 1.25 மில்லி, வெளிப்பக்கம் வரிவரியா வெட்டினது, அந்த வரி தான் சுத்தாமப் பிடிக்கிறது. ஓட்டை 11 மில்லி, அரை மில்லி கூடினாலும் சுத்தும், அதால சின்ன பிற்றில துவங்கி கொஞ்சம் கொஞ்சமாப் பெருப்பிச்சு, பிசிற அராவி, வெட்டின விளிம்புக்கு பிறைமர் பூசி காயவிட்டுத் தான் நட்ட விட்டது. இழுக்கிற கருவி என்னட்ட இல்ல. நீட்டு போல்ட்டில ஒரு நட்டும் ரண்டு வாசரும் போட்டு, போல்ட் தலைய ஒரு ஸ்பானரால அசையாமப் பிடிச்சு மற்ற ஸ்பானரால நட்ட இறுக்கினது. மெதுவா இழுபட்டு வந்து ஒரு இடத்தில கை கனக்கும், அதோட நிப்பாட்டோணும், ஆசைப்பட்டு இன்னும் ஒரு சுத்துச் சுத்தினா உள்ள புரி போயிடும் (ஒண்டை அப்பிடித் தான் நாசமாக்கினனான்).

கனபேர் விடுற இன்னொரு பிழை ஃபைபர் பக்கம். ஃபைபர நேர இறுக்கினா நசிஞ்சு வெடிக்கும். லேத்தில ஃபைபரின்ட தடிப்பளவுக்கு ஜீஐ குழாய் துண்டு துண்டா வெட்டுவிச்சு ஓட்டைக்குள்ள விட்டனான், இப்ப இறுக்கம் இரும்பில தான் விழுது, அதுக்கு மேல அகல வாசர். எனக்கு ரிவ் நட்ட விட இந்தக் குழாய்த் துண்டு தான் பெரிய உதவி.

முதல் ரண்டு வருசம் நீல லொக்டைட், போல்ட் தானாக் கழராம புரிக்குப் பூசுற பசை, போட்டனான். பிடிக்கும், ஆனா ஒவ்வொரு தரமும் புரிக்குள்ள காஞ்சு கிடக்கிறத டாப் (புரி வெட்டுற கருவி) விட்டுத் துப்பரவாக்கோணும். சிவப்பப் போடாதேங்கோ, அதக் கழட்ட நல்லாச் சூடு காட்டோணும், ஃபைபர் கூரைக்குப் பக்கத்தில நெருப்பா? இப்ப கிறீசும் ஸ்பிரிங் வாசரும் மட்டும் தான். கிறீஸ் போட்டா அதே இழுவைக்குக் கூட இறுகும், அதால ஸ்பானரின்ட நுனியில பிடியாம நடுவில பிடிச்சு இறுக்குறன். பூட்டி முல்லைத்தீவுக்கு ஒருக்காப் போய் வந்தாப் பிறகு எட்டையும் தொட்டுப் பாப்பன், ஒண்டு ரண்டு கால் சுத்து வாங்கும். எட்டையும் கையால ரண்டு மூண்டு சுத்து ஏத்தினாப் பிறகு தான் ஸ்பானர் எடுக்கோணும், ஒண்ட முதல் இறுக்கினா மற்றது நேர வராது, புரி குறுக்கால ஏறும்.

முலாம் பூசின போல்ட் தலையள் மூண்டாம் வருசம் கறள் பிடிச்சிட்டுது, கடற்கரைப் பக்கம் அடிக்கடி போறதால இருக்கும். எவர்சில்வர் போல்ட்டுக்கு மாத்தினன். நட்டும் போல்ட்டும் ரண்டும் எவர்சில்வர் எண்டா கவனம், கடிச்சுப் பிடிச்சா வெட்டித் தான் எடுக்கோணும். என்ர நட் ஸ்ரீல், பிரச்சினை வரேல்ல.

எட்டில ஏழு ஸ்ரீல் நட் போட்டபடியே கிடக்கு. கண்ணாடிச் சட்டத்தின்ட இடது மூலை மட்டும் போன வருசம் மாத்தினது, அங்க தகடு முந்தியே கறளில மெலிஞ்சு கிடந்தது, பின்னால சின்னத் தகடு ஒட்டுவிச்சுத் தான் புதுசு போட்டது. அந்த மூலையால இப்பவும் மழைத்தண்ணி ஒழுகுது, சைக்கிள் ரியூப் வெட்டி வச்சிருக்கிறன், வாற மாரிக்குப் பாப்பம்.