ஷாட் மீனுக்கு 61 நாள், செவன்டி ஃபோருக்கு எத்தனை ஆண்டு?

புரட்டாசி முடிந்ததும் டர்பனில் எங்கள் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது மீன் குழம்புதான். ஒரு மாதம் மரக்கறியே சாப்பிட்ட நாக்கு புளியையும் மீனையும் கேட்கும். ஆனால் அந்தக் குழம்பில் ஷாட் என்ற மீன் இருக்கக் கூடாது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தென்னாப்பிரிக்காவில் ஷாட் பிடிக்கத் தடை. எண்ணினால் 61 நாள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலமும் அதே 61 நாள்தான். அங்கே விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும். இங்கே படகு போகலாம், தூண்டிலும் போடலாம், இந்த ஒரு மீனை மட்டும் தொடக் கூடாது.

என் தாத்தா டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்தவர். சாலிஸ்பரி தீவு, ஃபின்லாண்ட்ஸ் என்று வளைகுடாவைச் சுற்றி வாழ்ந்த தமிழ், தெலுங்கு மீனவக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த சட்டத்தால் கடலிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அதனால் மீனை எப்படிக் காப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்ந்தே வரும். மாமா தடைக்காலத்தின் பக்கம். கேப் டவுனில் இருக்கும் அத்தை மகன், அளவு வைத்துப் பிடிக்கும் ஒதுக்கீட்டு முறையின் பக்கம். பாதுகாக்கப்பட்ட கடல்பகுதி வேண்டும் என்பவர்களும் உண்டு. வழிகள் பல இருக்கின்றன. எது எந்த மீனுக்குப் பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

மாமாவின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் சாளை மீன் கூட்டம் தெற்கே கேப் பக்கமிருந்து எங்கள் மாகாணமான குவாசுலு நேட்டாலின் கரைக்கு வரும்போது ஷாட்டும் பின்னாலேயே வரும். வசந்தத்தில் இங்கேதான் முட்டையிடும். முட்டைகளும் குஞ்சுகளும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் தெற்கே மிதந்து போய் அங்கே வளரும். முட்டையிட வந்த மீன் கரைக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்கும், தூண்டிலுக்கு எளிதில் சிக்கும். அந்த இரண்டு மாதம் விட்டுவைத்தால் அடுத்த தலைமுறை தப்பித்துக்கொள்ளும். இதோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 மீன், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திருப்பி விடவேண்டும் என்ற விதிகளும் உண்டு. ஷாட் வேகமாக வளரும், ஊர்விட்டு ஊர் போகும். இப்படிப்பட்ட மீனுக்குத் தடைக்காலம் நன்றாகவே உதவுகிறது. தேதி எல்லோருக்கும் ஒன்று, கணக்குப்பிள்ளை தேவையில்லை. பக்கத்தில் நிற்பவர் வாளியில் ஷாட் கிடந்தால் கேட்க யாருக்கும் உரிமை இருக்கிறது. ஏழை மீனவரையும் காரில் வந்து இறங்குபவரையும் விதி ஒரே மாதிரி நிறுத்துகிறது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

சரி, இதே மருந்தைப் பாறை மீனுக்குக் கொடுத்தால்? அங்கேதான் மாமாவோடு நான் ஒத்துப்போவதில்லை. செவன்டி ஃபோர் என்று ஒரு மீன். நேட்டாலின் தூண்டில் படகுகளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டதே அதுதான். மெதுவாக வளரும், பல ஆண்டு வாழும், முட்டையிடும் காலத்தில் குறிப்பிட்ட சில பாறைத் திட்டுகளில் கூடும். அந்தத் திட்டுகள் எங்கே என்று தெரிந்த பிறகு மீனுக்கு ஒளிய இடமில்லை. 1998-இல் அதைப் பிடிப்பதையே முழுவதுமாக நிறுத்தவேண்டி வந்தது. இன்றும் அது தடைப்பட்டியலில்தான் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மாதம் விட்டுவைத்தால் தேறிவிடும் நிலையை அது எப்போதோ தாண்டிவிட்டது.

ஸ்லிங்கரின் கதை வேறு. எங்கள் கடைகளில் அதிகம் விலைபோகும் சிவப்பு மீன், குழம்புக்கும் பொரியலுக்கும் அதைவிட்டால் வேறில்லை என்பார்கள். அது பிறக்கும்போது பெண், வளர்ந்த பின் ஆணாக மாறும். பெரிய மீனையே தேடிப் பிடித்தால் ஆண்கள் குறைந்துபோகும். சிறியதைத் திருப்பி விடு என்ற விதியும் முழுமையாக உதவாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை ஊதி வாய் வழியே பிதுங்கும், தூக்கிப் போட்ட மீன் பிழைப்பது கடினம். ஸ்லிங்கரைக் காத்ததில் படகுகளைக் குறைத்ததற்கு முக்கியப் பங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் தூண்டில் மீன்வளத்துக்கு நெருக்கடி நிலை அறிவித்து, கடலுக்குப் போகும் வணிகப் படகுகளின் எண்ணிக்கையை அரசு வெட்டியது. பலருடைய பிழைப்பு போனது, அந்த வலியைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஸ்லிங்கர் தேறியது.

இந்த இரண்டு மீனுக்கும் என் வாக்கு மூடிய கடல்பகுதிக்குத்தான். பாறை மீன் பெரும்பாலும் ஒரே இடத்தில் குடியிருப்பது, அந்த இடத்தைக் காத்தால் மீனைக் காத்த மாதிரி. தெற்குக் கரையிலுள்ள சிட்சிகாமாவில் 1964-இல் கடல் காப்பகம் அமைத்தார்கள், ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழையது அது. நமக்குத் தெற்கே போண்டோலாந்து 2004-இல் வந்தது. 2019-இல் ஒரே மூச்சில் 20 புதிய பகுதிகள் அறிவிக்கப்பட்டன, நாட்டைச் சுற்றியுள்ள கடலில் அரை விழுக்காடுகூட இல்லாத பாதுகாப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் போனது. போண்டோலாந்தில் பிடிக்கக் கூடாத பகுதிக்குள் தூண்டில் போட்டு ஆராய்ந்தவர்கள், வெளியே இருப்பதைவிடப் பெரிய மீன்களை உள்ளே கண்டார்கள். பெரிய மீன் இடும் முட்டையும் அதிகம், அது எல்லைக்கு வெளியேயும் மிதந்து வரும்.

ஆனால் மூடும் கோட்டை வரைவது யார்? கிழக்கு கேப் மாகாணக் கரையிலுள்ள ட்வெசா-க்வெபேயில் தலைமுறைகளாகக் கரையோரம் மீன் பிடித்த மக்களுக்கு 2000-இல் கடல் முழுவதுமாக அடைக்கப்பட்டது. 2010-இல் அங்கே மீன் பிடிக்கப் போனவர்களில் மூவர் கைதானார்கள். 2018-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்களுடைய வழக்காற்று உரிமை சட்டத்தால் அழிந்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. வளைகுடாவிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன் நான், அந்தத் தீர்ப்பைச் சாதாரணமாகப் படிக்க என்னால் முடியவில்லை. கடலை மூடவேண்டும் என்று நான் சொல்வது உண்மைதான். கேட்காமல் மூடினால் அது மீனவருக்கு இரண்டாவது முறை நடக்கும் வெளியேற்றம்.

அத்தை மகனின் ஒதுக்கீட்டு முறைக்கு வருகிறேன். ஆழ்கடல் ஹேக் மீனுக்கு அது நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. 1970-களின் தொடக்கம்வரை வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் அதை அள்ளிக்கொண்டு போயின. 1977-இல் 200 கடல்மைல் எல்லை அறிவித்த பிறகுதான் கணக்கு நம் கைக்கு வந்தது. ஆண்டுதோறும் மொத்தம் எத்தனை டன் என்று முடிவுசெய்து நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2004-இல் அந்த இழுவைத் தொழிலுக்கு, கடலை அழிக்காமல் மீன் பிடிப்பவர்களுக்குச் சான்று தரும் உலக அமைப்பான கடல்வள மேற்பார்வை மன்றத்தின் (MSC) சான்று கிடைத்தது, ஹேக் மீனுக்கு உலகில் முதல்முறை. சான்றுக்காகவே படகின் பின்னால் பறவையை விரட்டும் வண்ண நாடாக்களைக் கட்டினார்கள், வலையை இழுக்கும் கம்பியில் அடிபட்டுச் சாகும் ஆல்பட்ராஸ் பறவைகள் வெகுவாகக் குறைந்தன. பெரிய கப்பல், சில துறைமுகம், எல்லா மீனும் தராசில் ஏறும். இப்படியான இடத்தில் டன் கணக்கு சாத்தியம்.

அதே முறை மேற்குக் கரைச் சிங்கி இறாலில் தோற்றுக்கொண்டிருக்கிறது. அங்கும் மொத்த அளவு உண்டு, உரிமம் உண்டு. ஆனாலும் இருப்பு ஆதிநிலையில் இரண்டு விழுக்காட்டளவுக்கு வந்துவிட்டது. திருட்டுப் பிடி கணக்கில் ஏறாது. அறிவியலாளர் சொல்லும் அளவைவிட அதிகம் ஒதுக்கியதும் உண்டு. அபலோனி என்ற கடல் நத்தைக்கும் இதே கதி, 2008-இல் அதை மூடினார்கள், இரண்டே ஆண்டில் திறந்தார்கள், திருட்டு நிற்கவில்லை. அப்புறம் உரிமம் காகிதமாகிவிட்டால் அதைப் பெறுவது மனு எழுதத் தெரிந்தவன்தான். சிறு மீனவர் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதை எதிர்த்து நீதிமன்றம் போக, 2007-இல் இடைக்கால நிவாரணம் கிடைத்தது. சிறுதொழில் மீன்பிடிக் கொள்கை 2012-இல் வந்தது, சட்டத் திருத்தம் 2014-இல். கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமை கைக்கு வர இன்னும் சில ஆண்டு பிடித்தது.

மக்களையே விதி வகுக்கச் சொல்வது எனக்கு மிகவும் நெருக்கமானது. நம் மாகாணத்து வடகரையில் சொகுலு என்ற இடத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் மஸ்ஸல் மட்டிகளைப் பெண்கள் இரவில் ஒளிந்து எடுத்துவந்தார்கள், காவலர்கள் துரத்திப் பிடித்தார்கள். அவசரத்தில் கத்தியால் மொத்தமாகச் சுரண்டியதால் பாறையே மொட்டையானது. 1995-இல் பூங்காத் துறையும் அந்தப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பகுதியை அவர்களுக்கென ஒதுக்கி, எவ்வளவு எடுத்தால் பாறை மீண்டும் நிறைகிறது என்று சேர்ந்தே சோதித்தார்கள். கத்திக்குப் பதில் திருப்புளி வந்தது, பெரிய மட்டியை மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர்க்கலாம். மட்டி நடப்பதில்லை, பாறை கண்முன்னே இருக்கிறது, எடுப்பவர் இன்னார் என்று தெரியும். அதனால் இது நின்றது. கேப்பிலிருந்து வரும் ஷாட்டை ஒரு ஊர்க் குழு மட்டும் காக்க முடியாது.

ஆகவே மாமாவுக்கு நான் சொல்வது: ஷாட்டுக்கு உங்கள் 61 நாள் இருக்கட்டும், அதில் ஒரு நாளும் குறையவேண்டாம். அத்தை மகனிடம்: ஒதுக்கீடு ஆழ்கடல் கப்பலோடு நிற்கட்டும், கரைக்கு இறங்கவேண்டாம். செவன்டி ஃபோர் கூடும் பாறைத் திட்டுகளை மூடியே வைக்கவேண்டும். அந்தக் கோட்டை இனி எங்கே தொட்டாலும், தூண்டிலும் வலையும் பிடித்த முதியவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், திட்டு எங்கே என்று அவர்கள் கையாலேயே காட்டச் சொல்லி வரையுங்கள். தாத்தாவோடு வலை இழுத்தவர்களில் இன்னும் சிலர் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள்.